சொந்த ரத்தத்தில் தலை செய்வது கலையா, விளம்பரமா?

கேள்வியில் நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் சிற்பி மார்க் க்வின்னின் 'செல்ஃப்' (தான்) என்ற சிற்பம். விளம்பரம் அதில் இல்லவே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1991-இல் அவர் சுமார் ஐந்து மாதங்களில், உடல் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக, ஏறக்குறைய நான்கரை லிட்டர் ரத்தம் எடுத்துச் சேமித்தார். ஓர் ஆளின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தன் தலையின் அச்சில் அதை ஊற்றி உறைய வைத்தார். கண்ணாடிப் பெட்டியும் குளிரூட்டும் இயந்திரமும் சிற்பத்தின் பகுதிகளே. மின்சாரம் நின்றால் முகம் உருகிவிடும்.

அப்போது க்வின் மதுவுக்கு அடிமையாக இருந்தார். ஒன்றைச் சார்ந்தே உயிர் வாழும் நிலையை இந்த மின்கம்பி சொல்கிறது. வெண்கலத்தில் வார்த்திருந்தால் இந்தப் பொருள் கிடைக்காது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுத் தலை செய்கிறார்; முகம் மூப்படைவது வரிசையாகத் தெரிகிறது. 2006-இல் செய்ததை லண்டன் தேசிய உருவப்பட அரங்கம் 2009-இல் வாங்கியது.

அதே 1991-இல் இன்னொரு பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், உடலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் மிதக்கவிட்ட சுறா இதைவிடப் புகழ்பெற்றது. அந்தச் சுறா நைந்துபோக, 2006-இல் வேறொன்றை வைத்தார்கள். என்னை அது அவ்வளவாகத் தொடவில்லை. அதிர்ச்சி ஆறியபின் அங்கே மிஞ்சுவது, எனக்கு, ஒரு பெரிய மீன்தான்.