நான்தான் அட்மின், அப்புறம் ஏன் கம்ப்யூட்டர் என்னிடமே அனுமதி கேட்கிறது?

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டரில் ஒரே அக்கவுண்ட்தான், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர். ஆனாலும் எதை இன்ஸ்டால் செய்தாலும் ‘அனுமதிக்கலாமா’ என்று பெட்டி வருகிறது. பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ள போல்டரைத் திறந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்கிறது. இந்தத் தொல்லையை மொத்தமாக நிறுத்த முடியுமா?

பதில்: நிறுத்த முடியும். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒருமுறை நிறுத்திப் பார்த்தவன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் ஏற்றி அனுப்புவது தொழில். மரக் குத்தகை, பறிப்புக் கூலி, லாரி வாடகை, கூழ் ஆலைக்குப் போன பெங்களூரா எத்தனை டன், மண்டிக்குப் போன செந்தூரா எவ்வளவு என்ற கணக்கெல்லாம் வீட்டில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில், எக்செல்லில் இருக்கிறது. கணக்கு எழுதுவது என் மனைவி. எட்டாவது படிக்கும் பையன் பாடம் பார்ப்பதும் விளையாடுவதும் அதே கம்ப்யூட்டரில்தான். அப்போது எல்லோருக்கும் ஒரே அக்கவுண்ட், பாஸ்வேர்டு கிடையாது. சும்மா சும்மா கேட்கிறதே என்று, இந்த அனுமதிப் பெட்டியைக் காட்டும் யூஏசி என்ற வசதியின் ஸ்லைடரைக் கடைசிக்கு இழுத்து, கேட்கவே வேண்டாம் என்ற ‘நெவர் நோட்டிஃபை’யில் வைத்திருந்தேன்.

ஒரு மே மாதம், லோடு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்த சமயம், பையன் ஒரு கார் விளையாட்டை எங்கிருந்தோ இறக்கி இன்ஸ்டால் செய்தான். அதோடு சேர்ந்து இன்னும் நாலைந்து புரோகிராம்கள் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டன. பிரவுசரின் முதல் பக்கம் மாறிப்போனது, திரையின் மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது, ஆன்ட்டிவைரஸ் அணைந்து கிடந்தது. “ஏங்க, நேத்து போட்ட லோடு கணக்கு திறக்கவே மாட்டேங்குது” என்று மனைவி போன் செய்தபோது நான் தோப்பில் இருந்தேன். கடைசியில் கிருஷ்ணகிரிக்குத் தூக்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போட வேண்டியதாயிற்று. பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கேள்வி வந்திருந்தால் அவன் என்னைக் கூப்பிட்டிருப்பான். அந்தக் கேள்வியே வராமல் செய்தது நான்.

அதற்குப் பிறகுதான் இந்த அனுமதி விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். நாம் எல்லோரும் ஒரு இடத்தில் குழம்புகிறோம். ‘நான் அட்மின், அதனால் நான் திறக்கும் எல்லாவற்றுக்கும் முழு அதிகாரம் உண்டு’ என்று நினைக்கிறோம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அப்படித்தான் இருந்தது. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டாவிலிருந்து அது மாறிவிட்டது. அட்மின் அக்கவுண்ட்டில் நுழையும்போது விண்டோஸ் உங்கள் பெயரில் இரண்டு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு மாதிரி, போட்டு வைக்கிறது. ஒன்று சாதாரண ஆளுடையது, இன்னொன்று முழு அதிகாரம் உள்ளது. நீங்கள் திறக்கும் பிரவுசர், எக்செல், விளையாட்டு எல்லாம் சாதாரண டோக்கனில்தான் ஓடும். ஏதாவது ஒரு புரோகிராம், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ போல்டர், விண்டோஸ் போல்டர் மாதிரி கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவான இடத்தில் கை வைக்க வேண்டும் என்றால்தான் அந்தப் பெட்டி வரும். ‘யெஸ்’ கொடுத்தால் அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும், அது மூடப்படும் வரைக்கும், இரண்டாவது டோக்கன் கிடைக்கும். அதாவது பெட்டி கேட்பது ‘நீ யார்’ என்று இல்லை. ‘இந்தப் புரோகிராமுக்கு உன் அதிகாரத்தைக் கொடுக்கட்டுமா’ என்று.

பெட்டி வரும்போது பின்னால் திரை மங்குகிறதே, அதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் வேறு எந்தப் புரோகிராமும் உங்களுக்குப் பதிலாக ‘யெஸ்’ஸை அழுத்திவிட முடியாதபடி தனித் திரைக்குக் கொண்டு போகிறது. அடுத்த முறை வந்தால் அவசரப்படாமல் மேலே உள்ள பட்டையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து சரிபார்க்கப்பட்டிருக்கிறது, கீழே பெயரும் இருக்கும். மஞ்சள் என்றால் வெளியிட்டவர் யார் என்று தெரியவில்லை. மஞ்சள் எல்லாமே கெட்டது என்று இல்லை. சின்ன ஆட்கள் எழுதிய நல்ல புரோகிராமும் மஞ்சளில் வரும். ஆனால் நீங்கள் எதையும் திறக்காமல் இருக்கும்போது திடீரென்று பெட்டி வந்தால், நிறம் எதுவானாலும் ‘நோ’தான்.

சரி, பழைய ஹார்ட் டிஸ்க். இது வேறு கதை. எங்கள் பழைய கம்ப்யூட்டர் இடி மின்னலில் போனதும் டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டினேன். அதில்தான் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருந்தன. திறந்தால் அனுமதி இல்லை. யூசர் பெயர் இரண்டிலும் ஒன்றுதானே என்று எனக்குக் குழப்பம். விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் எஸ்ஐடி என்று ஒரு நீளமான எண் கொடுத்து அதைத்தான் பார்க்கிறது. நம் பக்கம் ஒரே ஊரில் நாலு முருகேசன் இருந்தாலும் சர்வே நம்பரை வைத்து நிலத்தைப் பிரிக்கிற மாதிரி. டிஸ்கில் எழுதியிருப்பது பழைய முருகேசனின் எண். அங்கே ‘கன்டினியூ’ என்று கேட்கும், அழுத்துங்கள். பல நேரம் அதிலேயே திறந்துவிடும். இல்லையென்றால் போல்டரின் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனரை உங்கள் அக்கவுண்ட்டுக்கு மாற்றுங்கள். படங்கள் நிறைய இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்த வேண்டாம். பிட்லாக்கர் (டிஸ்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட டிஸ்க் என்றால் ஓனரை மாற்றிப் பயனில்லை, 48 இலக்க ரிகவரி கீ வேண்டும்.

இந்த ஓனர் மாற்றும் வேலையை விண்டோஸ் போல்டருக்குள் மட்டும் செய்யாதீர்கள். அங்குள்ள ஃபைல்கள் பெரும்பாலும் விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் ‘ட்ரஸ்டட் இன்ஸ்டாலர்’ பெயரில் இருக்கும், அட்மினுக்கே விடாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸில் புதிதாக ஒரு அக்கவுண்ட் உருவாக்கி, ‘சேஞ்ச் அக்கவுண்ட் டைப்’பில் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, நல்ல பாஸ்வேர்டு போட்டேன். அதற்குள் ஒருமுறை நுழைந்து பார்த்து, சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, நாங்கள் தினமும் பயன்படுத்தும் அக்கவுண்ட்டை, அட்மின் அதிகாரம் இல்லாத ‘ஸ்டாண்டர்ட் யூசர்’ ஆக மாற்றினேன். வரிசை முக்கியம், புதியதைச் சோதிக்காமல் பழையதை மாற்றாதீர்கள். பையனுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட். எக்செல், பிரவுசர், பிரிண்டர் எதுவும் தடைப்படவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது மட்டும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிற்காமல் அட்மின் பாஸ்வேர்டையும் கேட்கும். “ப்பா, பெட்டி வந்திருக்கு” என்று பையன் கூப்பிடுவான். நானும் அவனும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

சில பழைய பில்லிங் புரோகிராம்கள் தினமும் அட்மின் கேட்டு உயிரை வாங்கும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே தன் கணக்கை எழுதப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதற்காக ஆளையே அட்மின் ஆக்க வேண்டாம், அந்த ஒரு போல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்ட் அக்கவுண்ட் விண்டோஸைக் காப்பாற்றும். உங்கள் சொந்த ஃபைல்களைக் காப்பாற்றாது. உங்கள் கணக்கையும் படங்களையும் நீங்கள் அனுமதி இல்லாமலே மாற்றலாம் அல்லவா, ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உங்கள் பெயரில் ஓடினால், அதுவும் அப்படியே மாற்றிப் பூட்டிவிடும். அதனால் சீசன் நேரத்தில் ராத்திரி லோடு கணக்கு முடிந்ததும் மனைவி பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்துக் கழற்றி வைத்துவிடுவார். கழற்றுவது முக்கியம், மாட்டியே இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

அட்மின் பாஸ்வேர்டை மறந்தால் வேறு அட்மின் அக்கவுண்ட் இல்லாத வீட்டில் பெரிய அவஸ்தை. எங்களுடையதை ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் பட்டா, பத்திரம் இருக்கும் பைக்குள் வைத்திருக்கிறோம்.