நீள்வட்டத்தை நீக்கச் சொல்கிறீர்களா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நீள்வட்டம் என்று ஒரு பாடம். குவியம், இயக்குவரை, மையத்தொலைத் தகவு என்று ராத்திரி முழுக்க சூத்திரத்தை உருப்போடுகிறாள். பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதால்தான் கோடையும் குளிரும் வருகின்றன. அது தெரிந்தால் போதாதா? வாழ்க்கையில் எங்கேயும் வராத இந்தக் கணக்கைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கினால் என்ன?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நீக்கக் கூடாது. 'அது தெரிந்தால் போதாதா' என்று நீங்கள் எழுதியிருக்கிற ஒரே விஷயம் தவறு. கோடைக்கும் குளிருக்கும் காரணம், பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். அப்போது தொலைவு சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். மிகவும் விலகிப் போவது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.21 கோடி கிலோமீட்டர். தொலைவுதான் காரணம் என்றால் திண்டுக்கல்லில் மார்கழியில் அல்லவா வெயில் கொளுத்த வேண்டும்?

இந்தத் தவறை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் பள்ளிப் புத்தகத்துப் படமாகத்தான் இருக்கும். நீட்டி இழுத்த ஒரு நீள்வட்டம், அதற்குள் சூரியன், ஓரத்தில் நான்கு இடங்களில் பூமி. அது சாய்வான கோணத்தில் பார்த்து வரைந்த படம். எந்த வட்டத்தையும் சாய்வாகப் பார்த்தால் நீள்வட்டமாகத்தான் தெரியும். மேசையில் உங்களுக்கு எதிரே இருக்கிற தட்டும் அப்படித்தான் தெரிகிறது. படத்துக்குக் கீழே அதைச் சொல்லாமல் விடுவதால் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதையே பூமியின் பாதை என்று நம்பிக்கொண்டு வெளியே வருகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

சரியான அளவில் வரைந்து பாருங்கள். நெட்டச்சு, அதாவது நீள்வட்டத்தின் நீளம், 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், குற்றச்சு, அதாவது அதன் அகலம், அதைவிட 0.014 மில்லிமீட்டர்தான் குறையும். நன்றாகச் சீவிய பென்சிலின் கோட்டுக்குள்ளேயே அந்த வித்தியாசம் மறைந்துவிடும். காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் என்றுதான் யாரும் சொல்வார்கள். கண்ணில் படுவது ஒன்றே ஒன்று: சூரியன் நட்டநடுவில் இருக்காது, 0.8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்.

இவ்வளவு சின்ன வித்தியாசம் வாழ்க்கையில் எங்கே வரப்போகிறது என்று கேட்பீர்கள். வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரைக் கிழிக்கும்போது கவனியுங்கள். ஆனி மாதத்துக்கு 31 அல்லது 32 நாள் இருக்கும். மார்கழிக்கு 29 அல்லது 30 தான். சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஆகும் காலம்தான் நமக்கு ஒரு மாதம். ராசிகள் எல்லாமே 30 டிகிரிதான். ஆனாலும் மாதங்கள் ஒரே நீளத்தில் இல்லை. பூமி சூரியனுக்கு அருகில் வரும்போது வேகமெடுக்கிறது, வினாடிக்கு சுமார் 30.3 கிலோமீட்டர். விலகிப் போகும்போது சுமார் 29.3 ஆகக் குறைகிறது. வேகம் உச்சத்தில் இருப்பது மார்கழி நடுவில், மிகவும் குறைந்திருப்பது ஆனியில். அதனால்தான் மார்கழி சீக்கிரம் முடிகிறது, ஆனி இழுக்கிறது. நம் பஞ்சாங்கக்காரர்களுக்கு இந்த வேக வித்தியாசம் நெடுங்காலமாகத் தெரியும். வட்டத்தின் மேல் சின்ன வட்டம் ஒன்றை ஓட்டி அதைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். கிரேக்கர்களும் வட்டங்களை வைத்தே சமாளித்தார்கள். நீள்வட்டம் என்ற முடிவுக்கு இரு தரப்பும் வரவில்லை. 'அதெல்லாம் அன்றைக்கே நமக்குத் தெரியும்' என்று யாராவது செய்தி அனுப்பினால், இந்த இடத்தைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள்.

அந்த முடிவுக்கு வந்தவர் யோகன்னஸ் கெப்ளர். உங்கள் மகள் இரவில் உருப்போடுகிற நீள்வட்டத்தைக் கோள்களின் பாதையில் கண்டவர் இவர்தான். 1600இல் பிராக் நகருக்கு அருகே டைக்கோ பிராகேயிடம் வேலைக்குச் சேர்ந்தார். தொலைநோக்கி வராத காலத்தில், வெறும் கண்ணாலும் பெரிய பெரிய கோணமானிகளாலும் இருபது ஆண்டுக்கு மேல் வானத்தை அளந்து வைத்திருந்தவர் டைக்கோ. அவர் கெப்ளரிடம் கொடுத்த வேலை செவ்வாயின் பாதையைக் கணக்கிடுவது. அடுத்த ஆண்டே டைக்கோ இறந்துபோனார். கெப்ளர் செவ்வாயை விடவில்லை.

முதலில் அவரும் வட்டத்தைத்தான் நம்பினார். சூரியனை நடுவிலிருந்து தள்ளிவைத்து, வேகத்தை மாற்றி, திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார். குறைந்தது எழுபது முறை போட்டதாக அவரே எழுதியிருக்கிறார், அத்தனையும் கையால். கடைசியில் டைக்கோவின் முக்கியமான அளவுகளோடு கணக்கு அழகாகப் பொருந்தியது. வேறு யாராவது இருந்தால் அங்கேயே புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். கெப்ளர் மற்ற அளவுகளையும் எடுத்துச் சரிபார்த்தார். சில இடங்களில் செவ்வாய் 8 நிமிடம் தள்ளி நின்றது. இது கடிகார நிமிடம் கிடையாது, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. முழு நிலவின் அகலமே சுமார் 30 நிமிடம்தான் என்றால், இது அதில் கால்வாசி. அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார் என்று தள்ளிவிட்டிருக்கலாம். டைக்கோ அவ்வளவு தப்பாக அளக்கமாட்டார் என்று கெப்ளருக்குத் தெரியும். அந்த எட்டு நிமிடத்துக்காக, பல ஆண்டு உழைப்பைத் தூக்கிப் போட்டார். வானியல் முழுவதையும் சீர்திருத்த வழிகாட்டியது அந்த எட்டு நிமிடம்தான் என்று பின்னால் எழுதினார்.

அப்புறமும் நேராக நீள்வட்டத்துக்கு வந்துவிடவில்லை. ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்த முட்டை வடிவத்தோடு மல்லாடினார். இது மட்டும் சரியான நீள்வட்டமாக இருந்திருந்தால் பழைய கிரேக்கக் கணிதர்களான ஆர்க்கிமிடீஸும் அப்பல்லோனியஸும் எழுதி வைத்ததே போதுமே என்று 1603இல் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். 1605இல் பார்த்தால், அது நீள்வட்டமேதான்! 1609இல் புத்தகம் வந்தது. செவ்வாயின் பாதையை 10 சென்டிமீட்டரில் வரைந்தாலும் குற்றச்சு சுமார் 0.44 மில்லிமீட்டர்தான் குறையும். அதையும் சுற்றிக்கொண்டிருக்கிற பூமியில் நின்று பார்த்தே கண்டுபிடித்தார். செவ்வாய்க்குப் பதில் வெள்ளியைக் கொடுத்திருந்தால் கெப்ளராலும் முடிந்திருக்காது என்பது என் எண்ணம்; வெள்ளியின் பாதை வட்டத்துக்கு அவ்வளவு நெருக்கம். கலிலியோவே 1632இல் வெளியிட்ட புத்தகத்தில் வட்டங்களை விடவில்லை.

கடிதத்தில் வருகிற அந்த அப்பல்லோனியஸ்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கூம்பைக் குறுக்கே சாய்வாக வெட்டினால் என்ன வளைவு கிடைக்கும் என்று கெப்ளருக்கு சுமார் 1,800 ஆண்டுக்கு முன்பே எட்டுப் பாகங்கள் எழுதினார். நான்கு கிரேக்கத்தில் பிழைத்தன, மூன்று அரபு மொழிபெயர்ப்பில் மட்டும் மிஞ்சின, ஒன்று தொலைந்தே போனது. அரபு அறிஞர்கள் 'இது எதற்கு' என்று கேட்டிருந்தால் அந்த மூன்றும் போயிருக்கும். ஐம்பது வயதை ஒட்டி அரபு கற்றுக்கொண்டு, அந்த மூன்றையும் லத்தீனில் கொண்டுவந்தவர் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி. 1710இல் பதிப்பு வந்தது. 1684இல் நியூட்டனைத் தேடிப் போய், தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறைந்தால் கோளின் பாதை என்னவாகும் என்று கேட்டவரும் இவரே. நீள்வட்டம் என்று நியூட்டன் உடனே சொன்னார். 1687இல் நியூட்டனின் பெரிய நூல் வெளிவந்ததற்குத் தூண்டுதல் அந்தச் சந்திப்புதான். அச்சுச் செலவையும் ஹாலி ஏற்றுக்கொண்டார்.

வானத்தை விட்டுக் கீழே இறங்குவோம். இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில் தேம்ஸ் நதியின் மேல் ஒரு ரயில் பாலம், பிரூனல் என்ற பொறியாளர் கட்டியது. வெறும் செங்கல். இரண்டு பெரிய வளைவு, ஒவ்வொன்றும் சுமார் 39 மீட்டர் அகலம். அரைவட்டமாகக் கட்டினால் ஒவ்வொன்றும் 19 மீட்டருக்கு மேல் எழும்பும். ரயில் அவ்வளவு மேடேற முடியாது. ஆற்றில் படகு போகவும் இடம் வேண்டும். அரை நீள்வட்டமாகக் கட்டினார், 7.3 மீட்டர் உயரத்தில் முடிந்தது. இவ்வளவு தட்டையான செங்கல் வளைவு நிற்காது என்று கம்பெனிக்காரர்கள் பயந்து, சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டாம் என்றார்களாம். பிரூனல் அதைக் கொஞ்சம் இறக்கி, வளைவைத் தொடாமல் நிற்க விட்டாராம். பிறகு அடித்த புயலில் சென்ட்ரிங் விழுந்ததாம், பாலம் அசையவில்லை. இன்றும் அதன் மேல் ரயில் ஓடுகிறது.

முட்டை போல இருப்பதெல்லாம் நீள்வட்டம் ஆகாது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தைப் பலரும் நீள்வட்டம் என்பார்கள். பெர்னினி அதன் தூண் வரிசைகளை வட்ட வில்களாகத்தான் அமைத்தார். தரையில் பதித்த ஒரு வட்டக் கல்லின் மேல் நின்றால், நான்கு வரிசைத் தூண்களும் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒரே வரிசையாகத் தெரியும். நாம் அந்த வட்டத்தின் மையத்தில் நிற்கிறோம் என்பதுதான் காரணம்.

நீள்வட்டத்தின் குவியம் செய்வது வேறு வேலை. குவியம் என்பது நீள்வட்டத்துக்குள், நடுவுக்கு இரு பக்கமும் சம தூரத்தில் இருக்கிற இரண்டு புள்ளிகள். ஒரு குவியத்தில் கிளம்பும் அலை, சுவரில் எங்கே பட்டாலும் மற்றக் குவியத்துக்கே வந்து சேரும். 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்தார்கள். அடியில் பாதி நீள்வட்டக் கிண்ணம். அதன் ஒரு குவியத்தில் மின்பொறி, மற்றொரு குவியம் வருகிற இடத்தில் அவருடைய சிறுநீரகக் கல். கத்தி படாமலே கல் நொறுங்கியது. இன்று எத்தனையோ பேருக்கு இந்த அதிர்வலை சிகிச்சை நடக்கிறது. புது இயந்திரங்கள் சிலவற்றில் அலையைக் குவிக்கும் முறை மாறியிருக்கிறது, ஆனால் தொடக்கம் அந்தக் கிண்ணம்தான்.

நீக்க வேண்டியது சாய்வென்று சொல்லாமல் போடும் அந்தப் படத்தை. மகளுக்கு ஒரு கணக்கும் தருகிறேன், சூத்திரத்தை உருப்போடுவதற்குப் பதிலாக இதைப் போடட்டும். 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. எரிபொருள் குறைவு என்பதால் நன்றாக நீண்ட பாதையாகப் பார்த்து நிறுத்தினார்கள்: செவ்வாயின் தரையிலிருந்து மிகக் குறைந்த உயரம் 421.7 கிலோமீட்டர், மிக அதிக உயரம் 76,993.6 கிலோமீட்டர். செவ்வாயின் ஆரம் 3,390 என்று வைத்துக்கொண்டு மையத்தொலைத் தகவை, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று சொல்லும் எண்ணை, கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆரத்தை இரண்டு உயரத்தோடும் கூட்ட மறக்கக் கூடாது. விடை 0.91ஐ ஒட்டி வந்தால் சரி.