லாகோஸின் இரவும் நைஜீரியாவின் கரண்ட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

லாகோஸில் ஒரு பிளாஸ்டிக் ஆலையின் மின்பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அதனால் நைஜீரியாவைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்பார்கள். டிசம்பர் முடிந்ததும் கேள்விகள் கூடும். இந்த முறை வந்தவற்றில் ஒன்றோடொன்று தொடர்புள்ள சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

லாகோஸ் கிளப் வீடியோக்கள் பார்த்தேன். மேஜைக்கு மேஜை ஷாம்பெயின், பாட்டிலில் மத்தாப்பு. விலைவாசியில் தவிக்கும் நாட்டில் இதற்குக் காசு எங்கிருந்து வருகிறது? (சேலம்)

டிசம்பரில் ஒரு பெரிய பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது. லண்டன், ஹூஸ்டன், டொரண்டோ என்று பிழைக்கப் போன நைஜீரியர்கள் கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறார்கள். டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை கச்சேரி, கல்யாணம், கடற்கரை விருந்து என்று ஓடும் இந்தக் காலத்துக்கு 'டெட்டி டிசம்பர்' என்று பெயர். 2024 டிசம்பரில் சுற்றுலா, ஓட்டல், கேளிக்கை எல்லாம் சேர்ந்து 7.16 கோடி டாலர் ஈட்டியதாக லாகோஸ் மாநில அரசு சொன்னது. அதில் 4.4 கோடி ஓட்டல்களின் பங்கு.

நாணய மதிப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2023 ஜூனில் நைராவை மிதக்கவிடுவதற்கு, அதாவது அதன் மதிப்பைச் சந்தையிடம் விடுவதற்கு முன், ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 முடிவில் 1,500ஐத் தாண்டிவிட்டது. முன்பு 1,000 டாலரோடு விடுமுறைக்கு வந்தவர் கையில் நாலரை லட்சம் நைரா இருந்தது. அந்த டிசம்பரில் அதே ஆயிரம் டாலர் பதினைந்து லட்சம். 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 70,000 நைரா, அன்றைய மதிப்பில் ஐம்பது டாலர்கூட வரவில்லை. ஆக, ஒருவரின் விடுமுறைச் செலவு இன்னொருவரின் ஒன்றே முக்கால் வருடச் சம்பளம். ஒரே நாணய வீழ்ச்சிதான் லாகோஸின் பணக்காரப் பகுதியான விக்டோரியா ஐலண்டில் பாட்டில் வரிசையைக் கூட்டியது, சாதாரண மக்கள் அதிகம் வாழும் மெயின்லாந்தில் அரிசி மூட்டையையும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனது.

மற்ற மாதங்களில் செலவழிப்பவர்கள் உள்ளூர்க்காரர்கள்: எண்ணெய்த் தொழில், அரசு ஒப்பந்தம், வியாபாரம், இசை, தொழில்நுட்பம். அத்தனையும் ஊழல் பணம் என்று சொல்ல மாட்டேன். அது அநியாயம். விருந்தில் ஆடுபவர் மேல் நோட்டுகளை ஒட்டி வாழ்த்தும் வழக்கம் தென்மேற்கு நைஜீரியாவின் யோருபா மக்களிடம் கிளப்புகள் வருவதற்கு முன்பே உண்டு. 2007ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டப்படி நைராவை அப்படி வீசுவது குற்றம், குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது அபராதம். 2024 ஏப்ரலில் சமூக வலைதளப் பிரபலம் ஒருவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. கல்யாண மண்டபங்களில் இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரவு முழுக்க கரண்ட் போய் வரும் ஊரில் கிளப்புகள் எப்படி நடக்கின்றன? (திருநெல்வேலி)

டீசலில். ஒன்றுக்கு இரண்டு ஜெனரேட்டர், ஒன்று நின்றால் அடுத்தது தானாக ஓடும். ஏசி, ஒலிபெருக்கி, உறைபனிப் பெட்டி எல்லாவற்றின் டீசல் செலவும் பாட்டிலின் விலைக்குள் இருக்கிறது.

வெளியே வாசலில் விடியற்காலை மூன்று மணிக்கு சூயா சுட்டு விற்பவர் இருப்பார். காரமான மாட்டிறைச்சி, செய்தித்தாளில் சுற்றித் தருவார். அவருக்கும் ஒரு விளக்கு வேண்டுமே. அதற்குக் கையில் தூக்கிப்போகும் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர். ஊரில் அதற்குப் பெயர் 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்', அதாவது பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் ஒரு படி மேல். முடிவெட்டுபவர், தையல்காரர், ஐஸ் தண்ணீர் விற்கும் அம்மா எல்லோரும் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட சிறு ஜெனரேட்டர்கள் நாட்டில் சுமார் 2.2 கோடி என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அத்தனையின் திறனையும் கூட்டினால் அரசு மின்தொகுப்பு தருவதைப்போல எட்டு மடங்கு. ஊரில் கரண்ட் வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து 'அப் நேப்பா!' என்று கத்துவார்கள். நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். அந்த வாரியம் கலைந்து இருபது ஆண்டு ஆகிவிட்டது, கூச்சல் அப்படியே இருக்கிறது.

மின்துறையைச் சீர்திருத்தியதாகப் படித்தேன். பிறகு ஏன் இந்த நிலை? எது தடுக்கிறது? (கோவை)

2005இல் மின்துறைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நேப்பாவை உடைத்துத் தனித்தனி நிறுவனங்களாக்கி, ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றையும் அமைத்தார்கள். 2013 நவம்பர் 1 அன்று 11 விநியோக நிறுவனங்களிலும் 6 உற்பத்தி நிறுவனங்களிலும் பெரும்பாலானவை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டன. மின்தொடரமைப்பு, அதாவது நிலையங்களிலிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பெரிய கம்பிகள், மட்டும் அரசிடம் நின்றது. நிலையங்கள் எல்லாம் முழுதாக ஓடினால் கிடைக்கக்கூடிய நிறுவுதிறன் ஏறத்தாழ 13,000 மெகாவாட். ஆனால் 22 கோடிப் பேருக்குப் போய்ச் சேர்வது 4,000 முதல் 5,000 மெகாவாட் வரைதான். ஓர் அளவுக்குச் சொல்கிறேன்: ஏழரைக் கோடிச் சொச்சம் மக்கள் உள்ள தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது.

தடை எங்கே என்று கேட்டால் பணத்தின் பாதையைப் பின்தொடர வேண்டும். விநியோக நிறுவனம் நூறு ரூபாய் மின்சாரம் வாங்கினால் அதில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் கம்பி இழப்பிலும் திருட்டிலும் வசூலாகாத பில்லிலும் போய்விடுகிறது. மீதியில் இருந்து உற்பத்தியாளருக்கு முழுத் தொகை கொடுக்க முடியாது. உற்பத்தியாளரால் எரிவாயு விற்றவருக்குப் பாக்கியைத் தீர்க்க முடியாது. எரிவாயுக்காரர் விநியோகத்தைக் குறைக்கிறார், நிலையம் நிற்கிறது. உற்பத்தி நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கி 2025இல் 4 லட்சம் கோடி நைராவை எட்டியது.

கடனும் சேர்ந்துகொண்டது. நிறுவனங்களை வாங்கியவர்கள் பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கினார்கள். அன்று டாலருக்குச் சுமார் 160 நைரா. நைரா சரியச் சரியச் செலவு ஏறியது, கட்டணம் ஏறவில்லை. 2015 தேர்தல் நேரத்தில் கட்டணத்தைக் குறைக்கவே செய்தார்கள். 2022இல் பல விநியோக நிறுவனங்களைக் கடன் கொடுத்த வங்கிகளே எடுத்துக்கொள்ளும் நிலை வந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது மீட்டர் விஷயத்தில். 2024இல்கூடப் பதிவுபெற்ற நுகர்வோரில் பாதிப் பேருக்கு மேல் மீட்டரே இல்லை. அவர்களுக்கு 'மதிப்பீட்டு பில்' வரும், நிறுவனம் தானே குத்துமதிப்பாகப் போடுவது. நான் முதலில் தங்கியிருந்த வீட்டில், பூட்டிவிட்டு ஒரு மாதம் சேலம் வந்து திரும்பினேன். வழக்கத்தைவிடப் பெரிய பில் காத்திருந்தது. என்னால் அலைந்து வாதாட முடிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த தையல்காரரால் முடியவில்லை, கட்டாமல் விட்டார், இணைப்பை அறுத்தார்கள். அவரைத் திருடர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தொடரமைப்பின் நிலையும் மோசம். 2024இல் மட்டும் தேசிய மின்தொகுப்பு பத்து முறைக்கு மேல் குலைந்து விழுந்தது. அந்த அக்டோபரில் ஷிரோரோ – கடுனா மின்பாதையைச் சேதப்படுத்தியதில் வட மாநிலங்கள் சுமார் பத்து நாள் இருட்டில் கிடந்தன.

அப்படியானால் தனியார்மயம்தான் தவறா? (சென்னை)

அப்படிச் சொல்லிவிட்டால் எளிது. ஆனால் நைஜீரியா பின்பற்றிய ஏல முறை 2002இல் டெல்லி பின்பற்றியதுதான். விலையை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டு, யார் இழப்பை அதிகம் குறைப்பதாக உறுதி சொல்கிறாரோ அவருக்கே நிறுவனம். வடக்கு டெல்லியில் 53 சதவீதமாக இருந்த இழப்பு பத்துக்கும் கீழே வந்தது. நைஜீரியாவில் வரவில்லை.

டெல்லியில் பழைய கடனை அரசு தன்னிடம் வைத்துக்கொண்டது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 3,450 கோடி ரூபாய் உதவியும் தந்தது. வாங்கியவர்களுக்கு விநியோகத்தில் அனுபவம் இருந்தது. நைஜீரியாவில் வாங்கிய பிறகுதான் உண்மையான இழப்பு காகிதத்தில் இருந்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. மீட்டர் வாங்க முதலீடும் இல்லை, கட்டணம் உயரும் என்ற வாக்குறுதியும் நிற்கவில்லை. அரசு, வாங்கியவர்கள் இருவர் மேலும் தவறு உண்டு. முதல் தவறு அரசுடையது என்பது என் கருத்து.

கிளப்புகளில் கொட்டும் பணத்துக்குப் பெரிய வரி போட்டு மின்துறையைச் சரிசெய்ய முடியாதா? (புதுச்சேரி)

கேள்வியில் இருக்கும் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் கணக்கு ஒத்துவராது. ஆபா நகரில் 2024 பிப்ரவரியில் திறந்த ஜியோமெட்ரிக் மின்திட்டம் 188 மெகாவாட். அதற்கு ஆன செலவு சுமார் 80 கோடி டாலர். லாகோஸின் மொத்த டிசம்பர் வருமானமே 7 கோடி சொச்சம். அதை முழுதாகப் பிடுங்கினாலும் இப்படி ஒரு திட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சூயாக்காரரும் டாக்சி ஓட்டுநரும் வாத்தியக்காரரும் அந்த மாதத்தில்தான் நாலு காசு பார்க்கிறார்கள், அதுவும் போகும்.

அந்தப் பணத்தில் நான் பார்க்கும் ஆபத்து வேறு. வசதியுள்ளவர்கள் அரசின் மின்சாரத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள். லாகோஸின் வசதியான பகுதிகளான லெக்கியிலும் இக்கோயியிலும் குடியிருப்புக்குக் குடியிருப்பு சொந்த ஆழ்துளைக் கிணறு, சொந்தக் காவலாளி, சொந்த ஜெனரேட்டர். கரண்ட் போனது அவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை. அமைச்சருக்குப் போன் செய்யக்கூடியவர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அந்தப் போன் போகாது. 2025 பட்ஜெட்டில் அதிபர் மாளிகைக்குச் சூரிய மின்சாரம் அமைக்க 1,000 கோடி நைரா ஒதுக்கினார்கள். நாட்டின் முதல் வீடே பொது மின்கம்பியிலிருந்து விலகுகிறது என்று படித்தபோது எனக்கு உண்மையில் மனம் உடைந்தது. சீர்திருத்தம் இருபது ஆண்டுகளாகத் தேங்கி நிற்பதற்கு நான் சொல்லும் காரணம் இதுதான்: அது தேங்குவதால் கஷ்டப்படுபவர்களிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்கள் கஷ்டப்படவில்லை.

ஷாம்பெயினை நிறுத்தினால் இது மாறாது. மாளிகைக்கும் தையல் கடைக்கும் ஒரே கம்பியில் கரண்ட் வர வேண்டிய கட்டாயம் இருந்தால் மாறும்.

மின்கட்டணத்தை மூன்று மடங்கு ஆக்கினார்களாமே, அது சரியா? (ஈரோடு)

2024 ஏப்ரலில் நடந்தது. நாளுக்கு 20 மணி நேரம் கரண்ட் பெறும் 'ஏ' பிரிவுக்கு மட்டும் யூனிட் 68 நைராவிலிருந்து 225 நைரா ஆனது, பிறகு கொஞ்சம் குறைத்தார்கள். 'ஈ' பிரிவுக்கு நாளுக்கு நாலு மணி நேரம்தான், அவர்களுக்குக் கட்டணம் ஏறவில்லை. அந்தச் சமயத்தில் மின் அமைச்சர், மக்கள் தேவையில்லாமல் உறைபனிப் பெட்டியை நாள்கணக்கில் ஓடவிடுகிறார்கள் என்று பேசி, எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தார்.

கட்டணம் செலவை ஈடுகட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாறுபட்ட கருத்து இல்லை. இருபது மணி நேரம் கிடைக்கிறவர் மானியம் வாங்கிக்கொண்டிருந்ததும் நியாயமில்லை. ஆனால் நாலு மணி நேரக்காரரை அப்படியே விட்டுவிட்டார்கள். அவருக்கு மலிவான யூனிட் இருந்து என்ன பயன்? மீதி இருபது மணி நேரத்துக்கு அவர் பெட்ரோல் ஊற்ற வேண்டும். 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை எடுப்பதற்கு முன் லிட்டர் 200 நைராவுக்கும் கீழே. அடுத்த ஆண்டு இறுதியில் ஆயிரத்துக்கும் மேல். நாட்டிலேயே விலை அதிகமான கரண்ட்டை வாங்குபவர் அவர்தான்.

நம்பிக்கை தரும்படி ஏதாவது உண்டா? (தஞ்சாவூர்)

உண்டு. 2023 மின்சாரச் சட்டம் மாநிலங்களே மின்சாரம் தயாரிக்கவும் விற்கவும் ஒழுங்குபடுத்தவும் வழி திறந்தது. எனுகு மாநில ஆணையம் 2025 ஆகஸ்டில் 'ஏ' பிரிவுக் கட்டணத்தைத் தானே ஆராய்ந்து 160 நைரா அளவுக்குக் குறைத்தது. அது தாக்குப்பிடிக்குமா என்று நிபுணர்களுக்குள் சண்டை நடக்கிறது. ஆனாலும் தலைநகர் அபுஜாவில் இருக்கும் யாரோ ஒருவரைக் காட்டி மாநில ஆட்சி கைகழுவ இனி முடியாது. ஆபாவில் செருப்பு தைப்பவர்களும் துணி தைப்பவர்களும் நிறைந்த பகுதிக்கென்றே தனி நிலையம், தனி விநியோகம். சூரியத் தகடுகளும் வேகமாக இறக்குமதியாகின்றன. என் பழைய கீழ்த்தளத் தையல்காரர் போன வருடம் கூரையில் இரண்டு தகடு போட்டுப் படம் அனுப்பினார். மகிழ்ச்சியாக இருந்தது. அவரும் மின்கம்பியை விட்டு விலகிவிட்டார் என்ற கவலையும் வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் மகனுக்கு லாகோஸில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (நாமக்கல்)

வாடகையைவிட முதலில் கரண்ட்டைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தெரு எந்தப் பிரிவு, முன்பணம் கட்டும் மீட்டர் இருக்கிறதா, அது யார் பெயரில், பழைய பாக்கி உண்டா. குடியிருப்பில் பொது ஜெனரேட்டர் இருந்தால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓடும், டீசல் காசு பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்ததா தனியா. இன்வெர்ட்டரும் பேட்டரியும் உள்ள வீடு கிடைத்தால் கொஞ்சம் வாடகை கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒன்று, இதை நேரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். சின்ன ஜெனரேட்டரை வராந்தாவிலோ ஜன்னல் பக்கத்திலோ வைத்துவிட்டுத் தூங்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே குடும்பத்தோடு இறந்துபோனவர்களின் செய்தி அங்கே ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. திருட்டுக்குப் பயந்துதான் அவர்களும் அதை வீட்டுக்குள் இழுத்து வைத்திருப்பார்கள். திருடு போனால் போகட்டும், வெளியே வைக்கச் சொல்லுங்கள்.