யு.கே.ஜி. கணக்கை விளையாட்டாகச் சொல்லிக் கொடுப்பது: கேள்வி பதில்

மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடங்களாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளோடு இருக்கிறேன். கணக்கு பற்றிப் பெற்றோரும் சக டீச்சர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு நாலரை வயது. நூறு வரை கடகடவென்று சொல்கிறாள். ஆனால் "ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறாள். கவனம் பத்தவில்லையா?

பதில்: கவனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைம்மா. நூறு வரை சொல்வது மனப்பாடம், ஏழு என்றால் எவ்வளவு என்று தெரிவது வேறு. ஒரு பொருளுக்கு ஒரு எண், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று, எண்ணுவதற்குள் இருக்கும் விதிகளை கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் பிரித்து எழுதினார்கள். இதில் அந்த "கடைசி எண்தான் மொத்தம்" பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் பிடிபடும். அவள் எண்ணி முடித்த உடனே "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்று, இரண்டு என்று தொடங்கினால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். முதலில் ஒன்று புரியும், அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஆகலாம், நாலைத் தாண்டியதும் மீதி எண்கள் சட்டென்று பிடிபட்டுவிடும். அதனால் இப்போதைக்கு நூறை விட்டுவிட்டு மூன்று, நாலு, ஐந்தில் விளையாடுங்கள். மொத்தத்தை முதலில் சொல்லி அப்புறம் எண்ணுங்கள்: "தட்டுல நாலு முறுக்கு இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." இப்படிச் சொல்வது, வெறுமனே எண்ணிக் காட்டுவதைவிட நன்றாக மனதில் பதியும். கடை விளையாட்டு இதற்கு ரொம்ப நல்லது, வாங்க வருகிறவர் "மூணு தக்காளி குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

கேள்வி: மூன்றரை வயதுப் பையன் விரலை விட்டு எண்ணுகிறான். நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம் சார். விரல் அவன் கூடவே இருக்கிற கருவி. தேவை தீர்ந்ததும் அவனே விட்டுவிடுவான்.

கேள்வி: நானும் யு.கே.ஜி. டீச்சர்தான். வகுப்பில் 30 பிள்ளைகள், சாமான் வாங்கப் பணம் கிடையாது. பெற்றோரோ நோட்டில் என்ன எழுதினார்கள் என்றுதான் கேட்கிறார்கள். என்ன விளையாட்டு வைக்கலாம்?

பதில்: புளியங்கொட்டை, பாட்டில் மூடி, சாக்பீஸ், இதுவே ஒரு வருடத்துக்குப் போதும் டீச்சர். (எதையும் வாயில் போடுகிற பிள்ளை இருந்தால் கொட்டை வேண்டாம், பெரிய மூடி மட்டும்.) முப்பது பேரையும் ஒன்றாக வைத்துச் செய்யாதீர்கள், ஆறேழு பேர் உங்களோடு தரையில் உட்காரட்டும், மற்றவர்கள் களிமண், படம் என்று ஏதாவது செய்யட்டும்.

எனக்குப் பிடித்தது பல்லாங்குழி. குழிக்கு ஒன்றாகக் காய் போட்டுக்கொண்டு போவதே ஒன்றுக்கு ஒன்று பொருத்துகிற பயிற்சி. குழியில் நாலு காய் சேர்ந்தால் "பசு" என்று எடுக்கிற ஆட்டத்தில், பிள்ளையின் கண் நாலு எங்கே சேர்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும், எண்ணாமல் பார்த்த மாத்திரத்தில் நாலு என்று சொல்லப் பழகிவிடும். இது பின்னால் கூட்டலுக்கு அவ்வளவு உதவும். 14 குழியும் வேண்டாம், தரையில் எட்டு வட்டம் போட்டு ஆளுக்கு நாலு வட்டம் கொடுத்தாலே ஆட்டம் நடக்கும்.

இன்னொன்று, 1 முதல் 10 வரை நேர்கோட்டில் கட்டம் போட்டு, பகடை போல ஒன்று அல்லது இரண்டு விழுகிற மாதிரி ஒரு மூடியின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, காய் நகர்த்துகிற ஆட்டம். சீக்லர், ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் அமெரிக்காவில் ஏழை வீட்டுப் பிள்ளைகளோடு இதை நாலு தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் ஆடிப் பார்த்தார்கள், எது பெரிய எண் என்று சொல்வதிலேயே பிள்ளைகள் முன்னேறினார்கள். இதில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: காய் 3இல் நின்று இரண்டு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தக் கூடாது, "நாலு, அஞ்சு" என்று கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பலன் அங்கேதான் இருக்கிறது. பரமபதம் வளைந்து வளைந்து போவதால் கொஞ்சம் பொறுத்து ஆடலாம்.

பெற்றோருக்கு, ஆடி முடித்ததும் ஜெயித்த காய்களைப் பிள்ளையையே நோட்டில் வட்டமாக வரையச் சொல்லி, பக்கத்தில் எண்ணை எழுத வையுங்கள். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே ஆடிப் பாடித்தான் கணக்குப் படிக்கிறார்கள், யு.கே.ஜி. பிள்ளைக்கு மட்டும் எதற்கு வெறும் நோட்டு?

கேள்வி: ஐந்து காசை நெருக்கி வைத்தால் ஐந்து என்கிறான் பேரன். அதையே பரப்பி வைத்தால் "இப்ப நெறைய ஆயிடுச்சு தாத்தா" என்கிறான். ஏதும் குறையா?

பதில்: குறையே இல்லை ஐயா. பியாஜே என்ற அறிஞர் எழுதிவைத்ததும் இதைத்தான், ஆறேழு வயதில் பெரும்பாலும் சரியாகிவிடும். திருத்த வேண்டாம். ஐந்து காசை நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு ஐந்தைப் பரப்பி ஒரு வரிசை வைத்து, காசுக்குக் காசு நூல் வைத்து இணைக்கச் சொல்லி, எது மிஞ்சுகிறது என்று அவனையே பார்க்க விடுங்கள்.

கேள்வி: அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளை விளையாட விட்டால் தானாகக் கணக்கு வந்துவிடுமா?

பதில்: கொஞ்சம் வரும், முழுசாக வராது அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க ஆள் வேண்டும். கட்டை அடுக்குகிற பிள்ளையிடம் "இது அதைவிட உயரமா? எத்தனை கட்டை கூட வச்சா சமமாகும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். நாமே சொல்லிவிடுகிற அவசரம்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஒரு பிள்ளை யோசித்து வாயைத் திறப்பதற்குள் மூன்று பேர் பதில் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: முக்கோணம் தெரியும் என்கிறாள், ஆனால் தலைகீழாகக் காட்டினால் "இது இல்ல" என்கிறாள்.

பதில்: சார்ட்டில் எல்லா முக்கோணமும் கோபுரம் போல நேராகவே நிற்பதால் வருகிற குழப்பம். ஒல்லி, குட்டை, சாய்ந்தது, தலைகீழ் என்று பழைய அட்டையில் பத்துப் பதினைந்து வெட்டிக் கொடுங்கள், கூடவே மூலை வளைந்த இரண்டு மூன்றையும் கலந்துவிடுங்கள். பக்கத்தையும் மூலையையும் தடவி எண்ணிப் பார்த்து, எதைச் சேர்ப்பது எதைத் தள்ளுவது என்று அவளே பிரிக்கட்டும்.