பேச முடியாத குழந்தைக்குப் பேச்சு உதவிக் கருவி எப்படி உதவுகிறது?

திரையில் உள்ள படத்தையோ சொல்லையோ தொட்டால் அதைக் குரலாக ஒலிப்பதுதான் பேச்சு உதவிக் கருவி. சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி இந்த வகையைச் சேர்ந்தது.

மூளை முடக்குவாதம் உள்ள பல குழந்தைகளுக்கு நாக்கையும் உதட்டையும் இயக்கும் தசைகள் சொன்னபடி கேட்பதில்லை. ஆனால் சொல்ல நினைப்பது மனத்தில் தெளிவாக இருக்கக்கூடும். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் கயிறும் வாளியும் இல்லாத நிலை அது.

"எனக்கு", "தோசை", "வேண்டாம்" என்று ஒவ்வொரு படமாக அந்தச் சிறு விரல் தேடிப் போகும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் அம்மாவோ அக்காவோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. தயவுசெய்து காத்திருங்கள். பிடிக்காததைத் தானே மறுக்க முடிவதைத்தான் தற்சார்பின் முதல் படியாக நான் நினைக்கிறேன். கையை அசைக்க முடியாதவர்களுக்கு, பார்வை செல்லும் இடத்தைக் கண்டறிந்து இயங்கும் கருவிகளும் உண்டு.

கருவி பழகினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பல பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை, சில குழந்தைகள் முன்பைவிடக் கூடுதலாகப் பேசவும் தொடங்குகிறார்கள்.