மாலை அழுகைக்கு மசாஜ் பேக்கேஜ் எதற்கு?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வாரம். பகலில் ஒழுங்காகத் தாய்ப்பால் குடிக்கிறான். மாலை ஆறு மணிக்கு மேல் இரண்டு நிமிடம் குடிப்பான், விடுவான், அலறுவான். பத்து மணி வரை இதே கதை. பம்ப் செய்தால் 30 மில்லிதான் வருகிறது. பால் பற்றவில்லை என்கிறார் மாமியார். பத்தியம் பார்க்க ஆள் அனுப்பிய ஏஜென்சி, மார்பு மசாஜ் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தப் பம்ப்பைத் தூக்கி அலமாரியில் வையுங்கள். பிள்ளை இழுக்கும் பாலை இயந்திரம் இழுக்காது. பம்ப்பில் வந்த 30 மில்லியை வைத்து உங்கள் பாலை அளக்க முடியாது. டயப்பரை எண்ணுங்கள். ஒரு நாளில் குறைந்தது ஆறு டயப்பர் நன்றாக நனைந்து கனமாக இருக்கிறதா? நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் எடை ஏறுகிறதா? அப்படியென்றால் பால் போதும். எடையைப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாலை அழுகை ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். நம் ஏற்பாட்டைப் பாருங்கள்: இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், இரண்டாம் மாதத் தடுப்பூசி வரை பெரும்பாலும் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அழுகை உச்சத்தில் இருக்கும் வாரங்கள் சரியாக அந்த இடைவெளியில்தான் விழுகின்றன. பேக்கேஜ் விற்பவர்களும் அப்போதுதான் வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குடிக்கத் தொடங்கியதும் இருமுகிறானா, புரையேறுகிறதா, மடக் மடக்கென்று சத்தம் வருகிறதா? அப்படியானால் பால் குறைவில்லை, வேகம் அதிகம். நீங்கள் நன்றாகச் சாய்ந்து படுத்து, பிள்ளையை உங்கள் மேல் கவிழ்த்துக் கொடுங்கள். முதலில் பீய்ச்சும் பாலை ஒரு துண்டில் விட்டுவிட்டு, அப்புறம் வாயில் வையுங்கள். இந்த நிலையில் பால் ஊற வைக்கும் பிஸ்கட்டை வாங்கித் தின்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போலத்தான்.

மற்றபடி மாலையில் விளக்கைக் குறைத்து, மார்பை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கை ஓய்ந்தால் கணவரிடம் தந்து தாழ்வாரத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஏப்பம் எடுக்கும் வேலையை மாமியாரிடம் விடுங்கள். வசம்பும் சீனித் தண்ணீரும் மட்டும் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் எதற்கும் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.