ஐந்தாம் வசனமும் ஆறாம் வசனமும்

சென்ற இதழில், "கேள்வி கேட்டே பிறந்த மதம் ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "உண்டு, மோர்மன் சபை. பிறந்த பிறகு கேள்விகளை அது என்ன செய்தது என்பது தனிக்கதை" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டேன். அந்தத் தனிக்கதையைக் கேட்டு ஏராளமான கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த இதழ் முழுவதும் அதுதான். வேறு பொருள் பற்றி எழுதியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: கேள்வியில் பிறந்தது என்றீர்களே, அது என்ன கேள்வி?

1820ஆம் ஆண்டு. நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா என்ற சிற்றூர். அங்கே மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியன்கள் எல்லோரும் 'எங்களிடம் வா' என்று ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜோசப் ஸ்மித் என்ற 14 வயதுப் பையனுக்கு எதில் சேர்வது என்று தெரியவில்லை. வேதாகமத்தைப் புரட்டியபோது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம், ஐந்தாம் வசனம் கண்ணில் படுகிறது. ஞானத்தில் குறைவுள்ளவன் எவனும், "யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்" என்கிறது அது. பையன் தோப்புக்குள் போய் முழந்தாளிட்டுக் கேட்டான். தேவனும் இயேசுவும் நேரில் தோன்றி, இருக்கிற எந்தச் சபையிலும் சேராதே என்றார்கள். இது அவர் பிற்காலத்தில் எழுதிவைத்த வரலாறு. 1830 ஏப்ரல் 6 அன்று அவரே ஒரு சபையைத் தொடங்கினார்.

கேட்பவனைக் கடிந்துகொள்ளாத கடவுள்! ஒரு மதத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. ஆனால் அடுத்த வசனத்தையும் படியுங்கள். "ஆனாலும் அவன் எவ்வளவாகிலும் சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன், சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்." கேள், ஆனால் சந்தேகப்படாதே. என்னைக் கேட்டால், மோர்மன் சபையின் இருநூறு ஆண்டுச் சங்கடம் முழுவதும் இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

(சபையின் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 'மோர்மன்' என்று அழைப்பதை விட்டுவிடும்படி 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். இடம் கருதி நான் விடவில்லை.)

கேள்வி: மனத்தில் சந்தேகம் எழுந்தாலே சபையை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அவ்வளவு கொடுமையா?

இல்லை. இந்தத் தவறான எண்ணம் பலரிடம் இருக்கிறது. சபை நிர்வாகக் கையேட்டின்படி விசுவாச துரோகம் என்பது, சபையையோ அதன் தலைவர்களையோ தெரிந்தே, திரும்பத் திரும்ப, வெளிப்படையாக எதிர்ப்பது. மனத்துக்குள் இருக்கும் சந்தேகத்துக்குத் தண்டனை கிடையாது. பிஷப்பிடம் போய்ச் சொன்னால் பெரும்பாலும் பொறுமையாகக் கேட்பார். ஜெபம் செய்யச் சொல்வார், சபையின் வேதநூலான மோர்மன் புத்தகத்தை மறுபடியும் படிக்கச் சொல்வார். அந்த பிஷப்பும் சம்பளம் வாங்கும் குருவானவர் அல்லர். பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பவர். சில ஆண்டுகளுக்கு இந்தப் பொறுப்பைச் சுமப்பவர்.

தண்டனை இல்லை என்பதால் சுமை இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று மேடை திறந்திருக்கும். விரும்பியவர்கள் எழுந்துபோய்ச் சாட்சி சொல்லலாம். "இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும். ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்று எனக்குத் தெரியும்." சின்னக் குழந்தையின் காதில் தாய் கிசுகிசுக்க, குழந்தை அப்படியே ஒலிபெருக்கியில் சொல்லும். 'நம்புகிறேன்', 'அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்; ஆனால் அங்கே புழங்கும் மொழி 'தெரியும்' என்பதுதான். தெரியாதவர் என்ன செய்வார்? எழுந்திருக்க மாட்டார், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் எழுந்திருக்கவில்லை என்றால் அது கூச்சமா, சந்தேகமா என்று இவருக்குத் தெரியாது. ஒரே வார்டில் (உள்ளூர்ச் சபைக்கு அங்கே அதுதான் பெயர்), ஒரே வரிசையில், ஒரே சந்தேகத்தோடு இரண்டு பேர் இருபது வருடம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போக முடியும். வாயை அடைக்க யாரும் உத்தரவு போட வேண்டியதே இல்லை.

அடுத்தது ஆலயப் பரிந்துரைச் சீட்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பிஷப் தரப்பில் ஒரு நேர்காணல், பல வார்டுகள் சேர்ந்த 'ஸ்டேக்' தரப்பில் ஒரு நேர்காணல். தசமபாகம் கொடுக்கிறாயா, தலைவர்களை ஆதரிக்கிறாயா, சபைக்கு முரணான போதனைகளை ஆதரிக்கிறாயா என்று கேள்விகள். சீட்டு இல்லாமல் ஆலயத்துக்குள் நுழைய முடியாது. (ஆலயம் என்பது ஞாயிறு வழிபாடு நடக்கும் இடம் அல்ல; திருமணம் போன்ற சடங்குகளுக்கான தனிக் கட்டடம்.) 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் எதிர்பார்க்கும் இடத்தில் 'சில நாள்களில் ஆம்' என்று சொல்வது எப்படி?

கேள்வி: முதன்முதலில் எதிர்த்தவர்கள் யார்? அவர்கள் என்ன ஆனார்கள்?

முதல் பத்தாண்டுக்குள்ளேயே வரிசையாக வந்துவிட்டார்கள். மோர்மன் புத்தகத்தின் மூலம் என்று ஸ்மித் சொன்ன தங்கத் தகடுகளைக் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்திட்ட மூன்று சாட்சிகளும், ஆலிவர் கவுடரி, டேவிட் விட்மர், மார்ட்டின் ஹாரிஸ், ஒரு கட்டத்தில் ஸ்மித்தோடு முறித்துக்கொண்டு வெளியே போனவர்கள்தாம். வேடிக்கை என்னவென்றால் மூவருமே தகடுகளைப் பற்றிய சாட்சியை மறுக்கவில்லை. கவுடரியும் ஹாரிஸும் பிற்காலத்தில் திரும்பியும் வந்தார்கள்.

பெரிய மோதல் 1844இல், இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரத்தில். தலைமைக் குழுவில் ஸ்மித்துக்கு ஆலோசகராகவே இருந்த வில்லியம் லா, இன்னும் சிலரோடு சேர்ந்து 'நாவூ எக்ஸ்பாசிட்டர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஜூன் 7 அன்று முதல் இதழ். ஸ்மித் இரகசியமாகப் பல பெண்களை மணக்கிறார், மதமும் அரசும் ஒரே கையில் குவிந்துவிட்டன என்பது குற்றச்சாட்டு. நகர மேயரும் ஸ்மித்தான். நகர மன்றம் கூடி, பத்திரிகை பொதுத் தொல்லை என்று தீர்மானித்தது. ஜூன் 10 அன்று அச்சு இயந்திரத்தை உடைத்து எழுத்துகளைத் தெருவில் கொட்டினார்கள். இரண்டாம் இதழ் வரவே இல்லை. இயந்திரத்தை உடைத்தது வழக்காகி, அதன் தொடர்ச்சியாகத்தான் ஸ்மித் கார்த்தேஜ் சிறைக்குப் போனார். ஜூன் 27 அன்று ஒரு கும்பல் உள்ளே புகுந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: பல பெண்களை மணந்தார் என்ற குற்றச்சாட்டு உண்மை. 30 முதல் 40 மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்று 2014இல் சபையே எழுதியது.

கேள்வி: 'தலைவர்கள் பேசிவிட்டால் சிந்தனை முடிந்துவிட்டது' என்று அவர்கள் பத்திரிகையிலேயே அச்சிட்டார்களாமே?

1945 ஜூனில், வார்டு வீடுகளில் படிக்க வேண்டிய செய்தியாக அச்சிட்டார்கள். யூனிடேரியன் போதகர் ஒருவர் அதிர்ச்சியடைந்து கடிதம் எழுத, சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், அது சபையின் நிலைப்பாடு அல்ல என்று பதில் எழுதினார். வாக்கியம் போனது அச்சில். மறுப்பு போனது ஒரு தனிக்கடிதத்தில்.

கேள்வி: 1993இல் அறிஞர்கள் ஆறு பேரைத் தண்டித்தது பற்றி விரிவாகச் சொல்லுங்கள்.

கேட்டதற்கு நன்றி. இந்தச் சரித்திரத்தில் என்னை அதிகம் உறுத்தும் பகுதி இதுதான்.

அந்த ஆண்டு மே மாதம் சபையின் உயர்மட்டத் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவரான பாய்ட் பேக்கர், சபைக்கு ஆபத்து மூன்று திசைகளிலிருந்து வருகிறது என்று பேசினார்: பெண்ணியவாதிகள், ஓரினச் சேர்க்கையாளர் இயக்கம், அறிஞர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள். செப்டம்பரில் ஆறு பேர் மீது நடவடிக்கை. ஐந்து பேர் நீக்கப்பட்டார்கள். லின் வைட்சைட்ஸ் என்ற பெண்ணுக்கு மட்டும் அதைவிடக் குறைந்த தண்டனை. 'செப்டம்பர் அறுவர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலாமவர் மைக்கேல் குவின். யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். பலதார மணத்தை நிறுத்திவிட்டதாகச் சபை 1890இல் அறிவித்தது. அதற்குப் பிறகும் தலைவர்கள் சிலருக்குத் தெரிந்தே புதிய மணங்கள் நடந்தன என்பதை 1985இல் ஆவணங்களோடு எழுதினார். 1988இல் வேலையை விட்டு விலக வேண்டிவந்தது, 1993இல் நீக்கம். 2014இல் சபை வெளியிட்ட கட்டுரை, 1890க்கும் 1904க்கும் இடையில் புதிய பலதார மணங்கள் நடந்ததை ஒப்புக்கொண்டது. குவின் 2021இல் சபைக்கு வெளியிலேயே இறந்தார். ஜோசப் ஸ்மித் தீர்க்கதரிசி என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை கைவிடவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

இரண்டாமவர் லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன். பதிப்பாசிரியர். சபை அதிகாரிகள் அறிவாளிகளையும் பெண்ணியவாதிகளையும் நடத்திய விதத்தை, நாள் வாரியாகத் தொகுத்து 'டயலாக்' என்ற காலாண்டிதழில் வெளியிட்டார். நீக்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் தெரியுமா? எப்போதும் போல வழிபாட்டுக்குப் போனார். நீக்கப்பட்டவர் இராப்போஜனத்தில் பங்கெடுக்கக் கூடாது. கூட்டத்தில் ஜெபம் ஏறெடுக்கவோ பேசவோ கூடாது. அப்பமும் தண்ணீரும் இருக்கும் தட்டு வரும். எடுக்காமல் அடுத்தவரிடம் நகர்த்துவார். இப்படியே பல ஆண்டுகள். 2019இல் அவரை மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ள உள்ளூர்த் தலைவர்கள் சம்மதித்தார்கள். சால்ட் லேக் சிட்டியில் உள்ள தலைமைக் குழு மறுத்துவிட்டது. 2023இல் காலமானார். எதிரி என்று தீர்ப்பெழுதப்பட்ட ஒருவர் இப்படியா நடந்துகொள்வார்? விசுவாசம் என்றால் என்ன என்று அந்த வார்டில் யாராவது கேட்டிருந்தால், அவர் உட்கார்ந்திருந்த வரிசையைக் காட்டியிருக்கலாம்.

கேள்வி: இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார்களே?

பேச்சு மாறியிருக்கிறது. 2013 அக்டோபரில் டீட்டர் உக்டார்ஃப் என்ற தலைவர், சபையை விட்டுப் போகிறவர்கள் எல்லாம் சோம்பேறிகளோ பாவிகளோ அல்ல என்றார். தலைவர்களும் தவறு செய்திருக்கிறார்கள் என்றார். "உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்கும் முன் உங்கள் சந்தேகங்களைச் சந்தேகியுங்கள்" என்பதும் அதே உரைதான். சாமர்த்தியமான வாக்கியம். ஆனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது. சந்தேகத்தை மட்டும் இரண்டு முறை எடை போடச் சொல்கிறது.

அதே காலத்தில் சங்கடமான வரலாற்றைச் சபையே கட்டுரைகளாக எழுதத் தொடங்கியது. தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டு, அதில் முகம் புதைத்து, ஸ்மித் மோர்மன் புத்தகத்தைச் சொல்லச் சொல்ல எழுதினார்கள் என்பது அதில் ஒன்று. முன்பு இதைச் சொன்னவர்களை எதிரிகளின் பொய்யைப் பரப்புகிறவர்கள் என்றார்கள். 2015இல் அந்தப் பழுப்பு நிறக் கல்லின் புகைப்படத்தையே அச்சிட்டார்கள். இதற்கு ஒரு காரணம், கேட்கிறவர்கள் ஓரத்து ஆட்களாக இல்லாமல் போனது. ஸ்வீடனில் சபையின் உயர்பொறுப்பில் இருந்த ஹான்ஸ் மாட்சன் போன்றவர்களே வெளிப்படையாகத் தங்கள் ஐயங்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் எல்லைக்கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று ஊர்வலம் நடத்திய வழக்கறிஞர் கேட் கெல்லி 2014இல் நீக்கப்பட்டார். ஐயம் கொண்டவர்களைப் பேட்டி எடுத்து ஒலிபரப்பிய ஜான் டேலின் 2015இல் நீக்கப்பட்டார். 2020இல் கையேட்டில் 'சபைநீக்கம்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'உறுப்பினர் நிலையைத் திரும்பப் பெறுதல்' என்று போட்டார்கள். கெல்லி பதவி கேட்டார், டேலின் மேடை அமைத்தார். தனியாகச் சந்தேகப்பட்டிருந்தால் இருவரையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ஒன்று புரியவில்லை, ஐயா. இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்? கோழைத்தனம்தானே?

தம்பி, இவ்வளவு சுலபமாக அந்தச் சொல்லை எடுத்துவிடாதே. மோர்மன் திருமணம் ஆலயத்தில் நடந்தால் அது மரணத்துக்குப் பிறகும் தொடரும் பிணைப்பு. ஆலயத்துக்குள் போகச் சீட்டு வேண்டும். சீட்டை இழந்த தந்தை மகளின் திருமணத்தின்போது வாசலில்தான் காத்திருக்க வேண்டும். வெளியே முதலில் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாமே என்றால், அமெரிக்காவில் அதற்குப் பிறகு ஓராண்டு காத்திருந்தால்தான் ஆலயத்தில் பிணைப்பார்கள் என்று விதி இருந்தது. 2019 மே மாதம்தான் அதை நீக்கினார்கள். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உன் வயதுள்ள ஒரு மோர்மன் மாணவன் சபையிலிருந்து விலகினால், தேவையான சான்றை இழப்பான். சான்று போனால் படிப்பும் போகும். மூன்றாம் ஆண்டில் ஐயம் வந்தவன் நான்காம் ஆண்டு முடியும்வரை வாய் திறக்காமல் இருந்தால் அவனைக் கோழை என்பாயா?

எல்லோரும் பயத்தால் இருக்கிறார்கள் என்றும் நினைத்துவிடாதே. ஜுவானிடா புரூக்ஸ் யூட்டாவின் தெற்கு மூலையில் வாழ்ந்த பள்ளி ஆசிரியை. 1857 செப்டம்பரில் மவுண்டன் மெடோஸ் என்ற இடத்தில் மோர்மன் படையினர், கலிபோர்னியாவுக்குப் பயணமாகிக்கொண்டிருந்த சுமார் 120 பேரைக் கொன்றார்கள். யாரும் பேசத் துணியாத அந்தப் படுகொலையை ஆராய்ந்து 1950இல் புத்தகமாக்கினார். சபைக்காரர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். அவர் விலகவும் இல்லை, எழுதியதை மாற்றவும் இல்லை. உண்மை சபைக்குக் கேடு செய்யாது என்பது அவர் எண்ணம். அவரை நீக்கவில்லை. அந்தப் புத்தகம் வருவதற்கு நான்கு ஆண்டுக்கு முன்புதான், 1946இல், ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதற்காக ஃபான் பிராடியை நீக்கியிருந்தார்கள். பிராடி நம்பிக்கை இழந்து எழுதினார், புரூக்ஸ் நம்பிக்கையோடு எழுதினார் என்று விளக்கம் சொல்வார்கள். குவினும் நம்பிக்கையோடுதான் எழுதினார்.

கேள்வி: மாநாட்டில் தலைவர்களை ஆதரித்துக் கை உயர்த்துகிறார்கள். எதிர்த்துக் கை உயர்த்தினால்?

எதிர்ப்பவர்களும் கை உயர்த்தலாம் என்று மேடையிலிருந்தே கேட்பார்கள். உயர்த்தினால், உங்கள் ஸ்டேக் தலைவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 1977 அக்டோபரில் பைரன் மார்ச்சண்ட் என்பவர் உயர்த்தினார். கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்படுவதை அவர் ஏற்கவில்லை. அதே மாதம் 14ஆம் தேதி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். 1978 ஜூனில், தலைவர் ஸ்பென்சர் கிம்பலுக்கு வெளிப்பாடு கிடைத்தது என்று அறிவித்து அந்தத் தடையை நீக்கினார்கள்.